ஒட்டும் மூலக்கூறும் ஒதுக்கும் ஊரும்

நரம்பு செல் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கும் திருவாலங்காட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்று பரிசோதனைக்கூட விஷயம், இன்னொன்று காரைக்கால் அம்மையாரும் நடராஜரின் ரத்தின சபையும் இருக்கிற பழைய ஊர். மேலோட்டமாகப் பார்த்தால் ஒட்டாது. ஆனால் சென்னையிலிருந்து வரும் ரயில் திருவாலங்காட்டைத் தாண்டியதும் அரக்கோணம் வருகிறது. அங்கிருந்து ஒரு பாதை காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கும், இன்னொரு பாதை காட்பாடி வழியாக வேலூர்ப் பக்கமும் போகிறது. மனித நரம்பைக் குறிவைத்துத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன இரண்டு இடங்கள் இந்த இரண்டு பாதைகளின் மறுமுனைகளில் இருக்கின்றன. அந்த நோய் தொழுநோய்.

தொழுநோயை இன்றைக்கும் பெரும்பாலானோர் தோல் நோய் என்றே நினைக்கிறார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். இரண்டுமே தவறு. அது முதலில் ஒரு நரம்பு நோய். அதில் "ஒட்டிக்கொள்வது" என்பது மனிதருக்கும் மனிதருக்கும் இடையே கைபட்டு நடக்கும் காரியம் இல்லை. உடலுக்குள்ளே, ஒரு கிருமிக்கும் நரம்பை மூடியிருக்கும் செல்லுக்கும் இடையே, ஒரு மூலக்கூறின் மேல் நடக்கும் காரியம். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் ஊர் தப்பான இடத்தில் பயப்படுகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருக்கிறது.

பந்தல் தேடும் கொடி

ஆலம் விழுது எந்தப் பிடிமானமும் இல்லாமல் காற்றில் தொங்கியபடியே கீழே இறங்கி மண்ணைத் தொடும். நரம்பு இழையால் அப்படி முடியாது. அது புடலங்கொடி மாதிரி. பிடித்துக்கொள்ள ஒரு பந்தல் வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ராஸ் ஹாரிசன். 1907ல் தவளைக் கருவிலிருந்து ஒரு துளித் திசுவை எடுத்து, உடலுக்கு வெளியே வைத்து, அதிலிருந்து நரம்பு இழை நீண்டு வளர்வதை நுண்ணோக்கியில் நேரடியாகக் காட்டினார். சில வருடங்கள் கழித்து 1914ல் இன்னொன்றையும் காட்டினார். வெறும் திரவத்தில் செல்களால் நகர்ந்து போக முடியவில்லை. சிலந்தி நூலை விரித்து வைத்தால் அதைப் பற்றிக்கொண்டு நகர்ந்தன! அதாவது, வளர்வதற்கு உணவு மட்டும் போதாது, ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும் வேண்டும்.

நீளும் நரம்பு இழையின் முனையில் விரல்கள் விரித்த கை மாதிரி ஒரு பகுதி உண்டு. 1890ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹால் இதைக் கோழிக் கருவில் பார்த்து "வளர்ச்சிக் கூம்பு" என்று பெயரிட்டார். இந்த முனை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். பிடி கிடைக்கிற பக்கம் முன்னேறும், கிடைக்காத பக்கம் பின்வாங்கும். முதுகுத் தண்டில் இருக்கும் ஒரு செல்லின் இழை காலின் விரல் வரை போக வேண்டும் என்றால், வளர்ந்த மனிதரில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அந்தச் செல்லோ கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இவ்வளவு தூரம் வழி தவறாமல் போய், சரியான தசையில் சரியான இடத்தில் சேர்கிறது.

வழியை யார் சொல்கிறார்கள்? ஒவ்வொரு நரம்பு இழையும் தன் இலக்கை வேதியியல் அடையாளத்தால் கண்டுகொள்கிறது என்று 1963ல் ரோஜர் ஸ்பெர்ரி எழுதினார். அந்த அடையாளங்களில் முக்கியமான ஒரு வகைதான் செல் ஒட்டு மூலக்கூறுகள். 1970களில் ஜெரால்ட் எடல்மன் குழு கண்டறிந்த என்-கேம் இவற்றில் முன்னோடி. எதிர்ப்பொருள்களின் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக 1972ல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். வேடிக்கை என்னவென்றால், என்-கேம் மூலக்கூறின் வடிவமும் அந்த எதிர்ப்பொருள்களை ஒத்தே இருந்தது. ஒரு செல்லின் மேல் இருக்கும் என்-கேம் பக்கத்துச் செல்லின் என்-கேமைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இருந்தால் மட்டும் ஒட்டும் கேட்ஹெரின் குடும்பம், நரம்பு இழைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பிடிக்கும் எல்1, செல்லுக்கு வெளியே தரைவிரிப்பு போலப் பரவியிருக்கும் லாமினின், அதைப் பற்றிக்கொள்ளும் இன்டெக்ரின் என்று பட்டியல் பின்னால் நீண்டது.

பசையா, பேச்சா?

இவற்றை "ஒட்டும் மூலக்கூறுகள்" என்று சொன்னவுடன் கோந்து, பசை என்றுதான் மனதில் படுகிறது. அது பாதி உண்மைதான். என்-கேம் இன்னொன்றைப் பிடித்தவுடன் செல்லின் உள்ளே சேதி போகிறது. கால்சியம் நுழைகிறது, நொதிகள் விழிக்கின்றன, செல்லின் உள்எலும்புக்கூடு முன்பக்கம் கட்டப்படுகிறது, இழை நீள்கிறது. கைகுலுக்கலில் பிடியும் இருக்கிறது, சேதியும் இருக்கிறது அல்லவா, அது மாதிரி.

பிடி எப்போதும் இறுக்கமாக இருந்தாலும் ஆபத்து. கருவில் வளரும் மூளையில் என்-கேம் மேல் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். அது ஒட்டும் தன்மையைக் குறைத்து, செல்கள் நகர்வதற்கு இடம் கொடுக்கும். வளர்ந்த பிறகு பெரும்பாலான இடங்களில் அந்தச் சங்கிலி குறைந்துவிடும், பிடி உறுதியாகும். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதே வளர்ச்சியின் சூட்சுமம்.

இதில் ஒன்று பிசகினாலும் விளைவு பெரியது. எல்1 மூலக்கூறுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு மூளையில் நீர் கோத்தல், கால்களில் விறைப்பு, உள்ளங்கைக்குள் மடங்கிய கட்டைவிரல், அறிவு வளர்ச்சிக் குறைவு போன்றவை வரலாம். சுமார் 30,000 ஆண் குழந்தைகளில் ஒன்று என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. ஒரே ஒரு ஒட்டு மூலக்கூறு சரியில்லை, அதற்கு இவ்வளவு விலை.

கள்ளச்சாவி

இனி தொழுநோய்க்கு வருவோம். 1873ல் நார்வே மருத்துவர் ஹான்சன் இதன் கிருமியைக் கண்டார். மனிதருக்கு நோய் உண்டாக்கும் கிருமி என்று அடையாளம் காணப்பட்ட முதல் பாக்டீரியாக்களில் அது ஒன்று. மிக மெதுவாக வளரும். ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம். பரிசோதனைக்கூடத்துச் செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. உடலில் குளிர்ச்சியான பகுதிகளை விரும்பும். மிக முக்கியமாக, உடலின் புற நரம்புகளுக்குள் புகுந்து குடியேறும்.

நரம்பை மட்டும் எப்படித் தேடிப் பிடிக்கிறது? இதற்கு 1997, 1998ல் பதில் வந்தது. அனுரா ராம்புக்கனா முதலானோரின் ஆய்வுகள் காட்டியது இதுதான்: நரம்பு இழைகளைச் சுற்றிக் காப்பாக இருக்கும் ஷ்வான் செல்களின் மேல் லாமினின்-2 என்ற ஒட்டு மூலக்கூறு போர்வை போலப் படிந்திருக்கிறது. தொழுநோய்க் கிருமி அதைப் பற்றிக்கொள்கிறது. லாமினினைச் செல்லோடு இணைக்கும் டிஸ்ட்ரோகிளைகன் என்ற கொக்கி வழியாக உள்ளே நுழைகிறது. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைக் கொழுப்புதான் இந்தப் பிடிக்கு உதவுகிறது என்று 2000ல் தெரிந்தது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் வயிறு கலங்கும். கருவில் நரம்புக்குப் பந்தல் போட்ட அதே லாமினின் குடும்பம். அறுந்த நரம்பு மறுபடி வளரும்போது வழிகாட்டுவதும் அதே குடும்பம்தான். கிருமி அந்தப் பந்தலின் மேலேயே ஏறி வருகிறது. உடல் நரம்புக்காக வைத்திருந்த கதவுக்கு அது கள்ளச்சாவி போட்டிருக்கிறது.

உள்ளே போன பிறகும் சும்மா இருப்பதில்லை. ஷ்வான் செல்லின் சேதித் தொடர்பையே கெடுத்து, நரம்பின் மேலுறையைக் கழற்ற வைக்கிறது. 2013ல் எலிகளில் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. கிருமி ஷ்வான் செல்லைத் தன் அடையாளத்தை மறக்கச் செய்து, ஆரம்ப நிலைச் செல் போல மாற்றி, பரவுவதற்கு வாகனமாக்கிக்கொள்கிறது என்று அது காட்டியது. இந்த ஆய்வுகளிலிருந்து நோயாளிக்குக் கொடுக்கும் புது மருந்து எதுவும் இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நோயின் முகவரி தெரிந்துவிட்டது. அது வீடு எடுப்பது நரம்பில்.

செங்கல்பட்டும் வேலூரும்

மூலக்கூறு தெரிவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, கைகளை மட்டும் பார்த்து இதைப் புரிந்துகொண்டவர்கள் இந்தப் பகுதியில் இருந்தார்கள். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் 1940களில் சல்போன் மருந்துகளைக் கையாண்டவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1947ல் அவர் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவரை அழைத்து நோயாளிகளின் கைகளைக் காட்டினார். அந்த மருத்துவர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளியின் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் பார்த்தது வேறு. விரல்கள் மடங்கி உணர்ச்சியே இல்லாத ஒரு கை, அவர் கையைப் பிடித்தபோது வலிக்கும் அளவு இறுக்கியது. அப்படியானால் தசை சாகவில்லை. குறிப்பிட்ட சில நரம்புகள் போனதால் குறிப்பிட்ட சில தசைகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன. முழங்கை அருகே தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு அதில் முதல் பலி. முன்கையில் நன்றாக இருக்கும் தசையின் தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றினால் மடங்கிய விரல் நிமிரும். வேலூரில் அதைச் செய்து காட்டினார்.

விரல்கள் குறைவது ஏன் என்பதற்கும் பதில் கிடைத்தது. வலி தெரியாததுதான் காரணம். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, செருப்பில் ஆணி குத்தினாலும் தெரியாது. இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அப்படி நடந்திருப்பதைக் கண்டுபிடித்த பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கச் சொன்ன கதை வேலூரில் பிரசித்தம். காயத்தைக் காப்பாற்றினால் அது மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்பு பல கால்களைக் காப்பாற்றியது. 1955ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. அதே 1955ல் செங்கல்பட்டுத் திருமணி மருத்துவமனை மத்திய அரசின் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆனது.

இவ்வளவும் நடந்தது திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில். ஆனால் இந்தப் பகுதியின் எத்தனை மாணவர்களுக்கு இது தெரியும்? செல் ஒட்டு மூலக்கூறு என்றால் மதிப்பெண்ணுக்கான ஒரு வரி. தொழுநோய் என்றால் "பாக்டீரியாவால் வரும் நோய்கள்" அட்டவணையில் ஒரு வரி. இரண்டு வரிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

"ஒழிந்துவிட்டது" என்ற சொல்

2005 டிசம்பரில் இந்தியா, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அதன் அர்த்தம், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டது என்பதுதான். நோயே இல்லை என்பதல்ல. ஆனால் காதில் விழுந்தது "ஒழிந்தது" என்ற சொல் மட்டுமே. 2022ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,74,000 பேர். அதில் 1,03,000க்கும் அதிகமானோர் இந்தியாவில்! அந்த வருடம் உலகில் கண்டறியப்பட்ட அன்றே கண்ணுக்குத் தெரியும் ஊனம் இருந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

இந்தக் கடைசி எண்தான் முக்கியம். கூட்டு மருந்துச் சிகிச்சை 1981லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இருக்கிறது, 1995லிருந்து உலகெங்கும் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் சாப்பிட்டால் கிருமி போய்விடும். பிறகென்ன, மாத்திரை இருக்கும்போது மூலக்கூறு பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏழை நாட்டுக்கு இது ஆடம்பர ஆராய்ச்சி என்றும் சொல்வார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மாத்திரை கிருமியைக் கொல்லும். போன நரம்பைத் திருப்பித் தராது. வெட்டுப்பட்ட புற நரம்பு மறுபடி வளர்வது நல்ல சூழலில்கூட ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை போக ஆறு மாதம் ஆகும். அப்போது ஷ்வான் செல்கள்தான் வரிசையாக நின்று, என்-கேம், எல்1, லாமினின் எல்லாவற்றையும் கூட்டிப் பாதை போட்டுக் கொடுக்கும். தொழுநோயில் அந்தப் பாதை போடும் செல்களே தாக்கப்பட்டுவிட்டன. சாலை உடைந்தால் செப்பனிடலாம், சாலைப் பணியாளரே இல்லை என்றால்? அதனால் நரம்பு சாவதற்கு முன் வருவது மட்டுமே உறுதியான பாதுகாப்பு. நரம்பு வீங்கி வலிக்கும் நிலையில் சீக்கிரம் வந்துவிட்டால் ஸ்டீராய்டு மருந்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. மாதங்கள் ஓடிவிட்டால் அந்த வாய்ப்பும் சுருங்கிவிடும்.

ஏன் தாமதமாக வருகிறார்கள்? ஒரு காரணம், வலிக்காது. வெளிறிய தேமல், அதில் உணர்ச்சி இல்லை, அரிப்பும் இல்லை. தொந்தரவு தராத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? இன்னொரு காரணம் பயம். பெயர் வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் நிற்கும், கடையில் ஆள் வராது, திண்ணையில் உட்கார விடமாட்டார்கள். அந்தப் பயத்தைச் சட்டமே வெகுகாலம் வளர்த்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் வருடச் சட்டம் 2016ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று திருமணச் சட்டங்களில் இருந்த பிரிவு 2019ல்தான் போனது. குணமாகிற நோய் என்று ஆகி முப்பது வருடத்துக்கும் மேல் ஆன பிறகு!

உண்மையில் பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்தால் மூச்சு வழியாகப் பரவலாம். கைகுலுக்குவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ பரவுவதில்லை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் தன்மை போய்விடுகிறது.

பேயுருவை வணங்கும் ஊர்

திருவாலங்காட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனித் தகுதி இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தன் அழகிய உடலை உதறி எலும்புருவம் கேட்டுப் பெற்றவர். அந்த உருவத்தோடு அவர் வந்தபோது வழியில் பார்த்தவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். ஓடாமல் அவரைத் தாய் என்று அழைத்தவர் இறைவன். ஆடல்வல்லானின் பாதத்தருகே அவர் அமர்ந்த இடம் என்று ஊரே கொண்டாடுகிறது. உருவத்தைப் பார்த்து ஓடியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இப்படி ஒரு கதையைத் தலைமேல் வைத்துக் கும்பிடும் ஊர்களில், விரல் குறைந்த மனிதர் கோயில் வாசலுக்கு வெளியே மட்டும் உட்கார வேண்டும் என்பது என்ன நியாயம்? இது திருவாலங்காட்டுக்கு மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. எல்லா ஊர்களுக்கும்தான். அம்மையாரைக் கும்பிடுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். முதலாவது, தொழுநோயை நரம்பு நோய் என்றே பேசப் பழக வேண்டும். அப்படிச் சொன்னால் தோலில் வரும் தேமலை ஜனங்கள் கவனிக்கமாட்டார்களே என்று ஓர் ஆட்சேபம் வரலாம். நியாயமான ஆட்சேபம். அதற்கு வழி, இரண்டையும் சேர்த்தே சொல்வது: "தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்." கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டு, எங்கே பட்டது என்று கேட்டால் போதும். கிராம சுகாதார செவிலியரும் செய்யலாம், பள்ளி ஆசிரியரும் செய்யலாம். சந்தேகம் வந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

இரண்டாவது, நோய் கண்டவரின் வீட்டாருக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பது நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இது பலன் தர வேண்டும் என்றால் முதல் நோயாளி பயப்படாமல் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அவரை ஒதுக்கினால் மருந்தும் வீட்டாரைப் போய்ச் சேராது.

மூன்றாவது, பள்ளிப் பாடத்தில் செல் ஒட்டு மூலக்கூறைச் சொல்லும் இடத்திலேயே லாமினினையும் ஷ்வான் செல்லையும் பால் பிராண்டையும் கரிகிரியையும் சொல்லலாம். சிலந்தி நூலைப் பற்றிய நரம்புச் செல் பாடத்தில் தொடங்கி, மடங்கிய விரல் நிமிர்ந்த வேலூரில் முடித்தால், எந்த மாணவரும் மறக்கமாட்டார். அந்த மாணவரே நாளைக்கு வீட்டில் பாட்டியின் கையில் இருக்கும் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டுபிடிக்கவும் கூடும்.

நரம்பு தனியாக வளர்வதில்லை. பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது, அந்தப் பிடியில்தான் சேதியும் கேட்கிறது. பிடியும் சேதியும் ஒன்றாகப் போனால் விரல் மரத்துப்போகும். மரத்த விரலுக்கு வேலூரில் வைத்தியம் இருக்கிறது. பக்கத்தில் உட்காருபவரைப் பார்த்து நகர்ந்து உட்காரும் மனத்துக்கு வைத்தியம் அந்தந்த ஊரில்தான் நடக்க வேண்டும்.